ஹார்டு டிஸ்கில் ஒரு குக்கர்

என்னிடம் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். அதை என் வீட்டுக்காரரின் பழைய பனியனில் சுற்றி, எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் போட்டு, பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு மேல்தட்டில் வைத்திருக்கிறேன். புடவையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒரு விசேஷத்துக்குக் கட்டிக்கொண்டும் போகலாம். டப்பாவைத் தொட என்னைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. அதற்குள் நாற்பதாயிரத்துக்கும் மேல் பாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நான்தான் சேர்த்தேன், நான்தான் பெயர் வைத்தேன், நான்தான் அடுக்கினேன். இதைச் சொல்லும்போது எனக்குத் தலைக்கனம் தெரிகிறது என்று என் மகள் சொல்வாள். தெரியட்டும். சும்மா வந்த தலைக்கனம் இல்லை.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ராசிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். சொந்த வண்டி, ஒரே வண்டி. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு புனே பக்கம் போவார், வரும்போது வெங்காயமோ வேறு எதுவோ கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் கூட ஒரு கிளீனர் போவார். இப்போது கிளீனர் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. போகவர ஒரு வாரத்துக்கு மேல் அவர் ஒருவரேதான். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு.

ஒருமுறை சித்ரதுர்கா தாண்டி அவர் கண்ணயர்ந்துவிட்டார். இடது சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, டயர் வெடித்த சத்தத்தில்தான் விழித்திருக்கிறார். வேறு ஒன்றும் ஆகவில்லை. இதை மூன்று வாரம் கழித்து, வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டே, யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்குப் பூராவும் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் பாட்டு விஷயத்தை நான் கையில் எடுத்தேன். ரேடியோ ஒவ்வொரு ஊருக்கும் பாதியில் அறுந்துபோகும். போனில் பாட்டுக் கேட்க அவரிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்பது என் சட்டம். ஒருமுறை ஓட்டிக்கொண்டே நான் செய்த போனை எடுத்தார். எடுத்தது தெரிந்ததும் கட் செய்துவிட்டு இரண்டு நாள் நான் பேசவில்லை. அதிலிருந்து எத்தனை முறை மணி அடித்தாலும், வண்டியை ஓரங்கட்டாமல் அவர் கை போன் பக்கம் போகாது. ஆகவே பென்டிரைவ்தான் வழி. லாரி பட்டறைகளில் பதிந்து கொடுக்கும் பென்டிரைவ் ஒன்று வைத்திருந்தார். அதில் இருந்த நூறு பாட்டும் அழுகைப் பாட்டு. அதைக் கேட்டால் தூக்கம் வராமல் வேறு என்ன வரும்.

கடையில் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சிடிக்கள், சொந்தக்காரர்கள் வீட்டில் தூசி படிந்து கிடந்த சிடிக்கள், கோயில் நோம்பிக்கு மைக்செட் கட்டுபவரிடம் இருந்தது என்று எதையும் விடவில்லை. பாதிப் பாட்டுகளுக்கு ‘டிராக் 07’ என்றுதான் பெயர் இருந்தது. ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டு, என்ன பாட்டு என்று கண்டுபிடித்துப் பெயர் வைத்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. தமிழில் பெயர் வைத்தால் லாரி ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. சரி என்று மொத்தத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றினேன். 1, 2, 3 என்று நம்பர் போட்டுக் கொடுத்தால் அந்தக் கேடுகெட்ட ஸ்டீரியோ ஒன்றுக்கு அப்புறம் பத்தைப் போட்டது, பத்துக்கு அப்புறம் நூறைப் போட்டது. நம்பருக்கு முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன்.

எல்லோரும் படம் வாரியாக, பாடகர் வாரியாகப் பாட்டை அடுக்குவார்கள். நான் ரோடு வாரியாக அடுக்கினேன். ‘வடக்கு’ என்று ஒரு ஃபோல்டர், ‘திரும்பல்’ என்று ஒரு ஃபோல்டர். ராசிபுரத்தில் கிளம்பும்போது ஒரு பிள்ளையார் பாட்டு. சேலம் பைபாஸ் வரைக்கும் சாமி பாட்டுகள். தொப்பூர் ஏற்றத்தில் லோடு வண்டி கியர் மாற்றி மாற்றி இன்ஜின் கத்தும், மெல்லிய குரல் எதுவும் காதில் விழாது. அதனால் அங்கே ஓங்கிப் பாடிய பாட்டுகள், அதிலும் சத்தத்தைக் கூட்டி நான் தனியாகப் பதிந்தவை. திரும்பி வரும்போது அதே தொப்பூர் இறக்கம். எத்தனை வண்டிகள் அங்கே பிரேக் பிடிக்காமல் போயின என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த இறக்கத்துக்குப் பாட்டே இல்லை, வெறும் நாதஸ்வரம், சத்தம் குறைத்து. கிருஷ்ணகிரிக்குப் பிறகு வெயில் ஏறும், அங்கே கிண்டலும் கேலியுமான பாட்டுகள். இப்படி ஒரே பாட்டு என் டிஸ்கில் மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று இருந்தபடி, ஒன்று சத்தம் கூட்டியது, ஒன்று தொடக்கத்து இழுவை இசையை வெட்டியது. தெரியாதவர்கள் பார்த்தால் ஒரே பாட்டை ஏன் மூன்று முறை வைத்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சாப்பிட்டு, கண்ணை மூடி எழுந்துதான் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் சரி சரி என்பார். ஏதாவது டீக்கடை ஓரம் நிறுத்தி எனக்குப் போன் செய்து, இப்போதுதான் கிளம்பினேன், ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு என்பார். பின்னால் ஸ்டீரியோ ஓடிக்கொண்டிருக்கும். என்ன பாட்டு ஓடுகிறது என்று என் காதில் விழும். அது எத்தனையாவது பாட்டு என்று எனக்குத் தெரியும். எத்தனை மணி நேரமாக மனுஷன் நிறுத்தாமல் ஓட்டுகிறார் என்பதும் தெரிந்துவிடும். பொய் சொல்லி ஒவ்வொரு முறையும் மாட்டினார். மாட்டினாலும் திருந்தவில்லை. பசி தெரியவில்லை, நேரம் போனது தெரியவில்லை என்றார்.

ஒருநாள் காலையில் சமைத்துக்கொண்டிருக்கும்போது எங்கள் குக்கர் விசில் அடித்தது. வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டு நேராக உள்ளே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் கூப்பிடவே இல்லை. அடுத்த நாள் போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து மூன்று விசில் பதிந்தேன். நடுவில் இருந்த இடைவெளிகளை வெட்டி இருபது செகண்டுக்குக் கொண்டுவந்தேன். ‘வடக்கு’ ஃபோல்டரில் நாலு மணி நேரப் பாட்டு முடியும் இடத்தில் அதைச் செருகினேன். அடுத்த நாலு மணி நேரத்துக்கு இன்னொன்று. அவரிடம் சொல்லவில்லை.

சூளகிரிக்குக் கிட்டத்தில் ஓடக்காரன் பாட்டு ஒன்று முடிந்ததும் கேபினுக்குள் குக்கர் விசில் அடித்திருக்கிறது. அவர் ஒரு நிமிஷம் வண்டியில் என்னவோ வெடிக்கப் போகிறது என்று பயந்தாராம். மூன்றாவது விசிலில் புரிந்து, சிரித்துச் சிரித்து, அடுத்த ஓட்டலில் நிறுத்திவிட்டுப் போன் செய்தார். அன்றிலிருந்து அவருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பசித்தது. விசில் வந்தால் நிறுத்துவார், சாப்பிடுவார், சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய்வார்.

விஷயம் மற்ற டிரைவர்களுக்குப் பரவியது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும் எங்கள் குக்கர் வேண்டாம் என்றார்.

“எங்கூட்டு விசில் வேற மாதிரி வருங்க அக்கா. உங்குளுதக் கேட்டா அப்பறம் உங்கூட்டுக்குத்தான் சோத்துக்கு வரோணும்.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி பருப்பு வேகவைக்கும்போது பதிந்துகொண்டு வந்தேன். அந்தப் பெண் குக்கரைப் புளி போட்டுத் துலக்கி, பொட்டு வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்க வந்தவளைப் போல என்னை எதிர்பார்த்து நின்றாள். பிறகு இன்னொரு வீடு, இன்னொரு வீடு. பதினொரு அடுப்படிகளின் விசில் என் டிஸ்கில் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது யார் வீட்டு விசில் என்று என்னால் சொல்ல முடியும். இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு சேகரிப்பு வேறு யாரிடமாவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.

டிஸ்க் கெட்டுப்போனால் என்ன செய்வது என்றும் நான் யோசித்து வைத்திருந்தேன். வாழப்பாடியில் என் அக்கா வீட்டில் இரண்டாவது டிஸ்க் இருக்கிறது. அதற்கும் ஒரு டிபன் டப்பா. மாசம் ஒருமுறை போய் இதில் இருப்பதை அதில் ஏற்றிவிட்டு, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன். திருட்டு, தீ, மழை எல்லாவற்றுக்கும் வழி செய்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை ஒருவர் வருவார் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

மகளுக்குப் போன வைகாசியில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் சேலம், சூரமங்கலத்தில் வீடு. வேலை பெங்களூரில், கம்ப்யூட்டர் கம்பெனியில். தலை ஆடிக்கு இருவரையும் அழைத்திருந்தோம். ஆடி ஒன்றாம் தேதி எங்கள் பக்கம் தேங்காய் சுடுவோம். தேங்காயின் கண்ணைத் திறந்து, வெல்லமும் பச்சரிசியும் பருப்பும் போட்டு, குச்சியில் செருகித் தீயில் வாட்ட வேண்டும். அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் வேலை. வீட்டுக்காரர் மில்லில் லோடு ஏற்றிவிட்டு மதியம்தான் வந்தார். முதல் நாளும் லோடுக்காகக் காத்திருந்ததில் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

பேச்சுவாக்கில் மகள் என் டிஸ்கைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டார். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லும் மாமியார் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கும் காட்ட ஆசையாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, பார்த்துவிட்டு ஒரு வார்த்தை மெச்சினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து நானே கொடுத்தேன். அவர் பார்த்தார், ஆச்சரியப்பட்டார், இவ்வளவா என்றார். என் தலை கூரையில் இடித்தது. ‘வடக்கு’ ஃபோல்டரை மாமாவுக்காகப் பென்டிரைவில் ஏற்ற வேண்டும் என்றேன். நீங்கள் போய் வேலையைப் பாருங்கள் அத்தை, நான் ஏற்றித் தருகிறேன் என்றார். சரி என்று சமையலுக்குப் போனேன்.

காலையில் வீட்டுக்காரர் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். கண்கள் சிவந்திருந்தன. பாதையெல்லாம் கவனம் என்று சொன்னேன். விசில் இருக்கும் தைரியத்தில் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு மாப்பிள்ளைக்குக் காபி கொடுத்தேன். அவர் சந்தோஷமாக இருந்தார். நமக்கு ஒரு நல்லது செய்துவிட்டுச் சொல்லக் காத்திருக்கும் ஆளின் முகம்.

“உங்க டிஸ்க்க நல்லா கிளீன் பண்ணிட்டேன் அத்தை. ஒரே பாட்டு மூணு மூணு தடவை இருந்துச்சு, ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுத்துட்டேன். ‘வடக்கு’ல மட்டும் பாட்டு எதையும் தொடல. முப்பது செகண்டுக்குக் கீழ இருந்த குப்பைய மட்டும் எடுத்துட்டு மாமாவுக்கு ஏத்திக் குடுத்தேன். பாவம், நீங்க பாக்கவே இல்ல போல. நிறைய இடத்துல குக்கர் சத்தம் தெரியாம ரெக்கார்டு ஆயிருந்துச்சு.”

நான் நல்லதுங்க மாப்பிள்ளை என்றேன். வேறு என்ன சொல்வது. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, அதைக் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன். பாட்டு போனதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. போன பாட்டெல்லாம் வாழப்பாடியில் டப்பாவுக்குள் இருக்கிறது. மனுஷன் ரோட்டில் இருக்கிறார். இரண்டு நாள் தூங்காத கண்ணோடு, விசில் வரும் வரும் என்று ஓட்டிக்கொண்டே போவார். அது வரப்போவதில்லை.

போன் செய்தேன். மணி அடித்து நின்றது. இன்னொரு முறை செய்தேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டார், என் சட்டம் அப்படி. மூன்றாவது முறை செய்யப் போனபோது, அடிக்கிற மணியைப் பார்த்து அவர் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்று பயந்து போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மகள் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் போய் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார், முகம் வெளிறியிருந்தது. அதுவரைக்கும் அடுப்படிக்குள் கால் வைக்காதவர், உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மாமா எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டார். ஒரு வழி இருந்தது. வண்டியின் ஃபாஸ்டேக் என் நம்பரில்தான் பதிந்திருக்கிறது. எந்த டோலைக் கடந்தாலும் என் போனுக்குச் செய்தி வரும்.

எட்டு இருபத்தைந்துக்குக் கிருஷ்ணகிரி டோல் செய்தி வந்தது. அடுத்த டோல் ஓசூர் தாண்டி. நிறுத்தாமல் போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் அந்தச் செய்தி வரும், அதாவது ஒன்பதே முக்காலுக்குள். செய்தி வந்தால் அவர் நிறுத்தவில்லை என்று அர்த்தம். வராவிட்டால் நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். அப்படித்தான் மாப்பிள்ளை விளக்கினார். வராமல் போவதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று நாங்கள் மூன்று பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்பது மணி ஆனது. ஓடக்காரன் பாட்டு முடியும் நேரம். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போன் செய்வதாக இருந்தால் ஒன்பதரைக்குச் செய்ய வேண்டும். ஒன்பதரை ஆனது, போன் வரவில்லை. ஒன்பதே முக்கால் ஆனது, செய்தியும் வரவில்லை. பக்கத்துத் தறிக் குடோனின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் சேர்த்து வைத்த பெருமையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. இவள் பெரிய கெட்டிக்காரி, ஒரு மனுஷன் எப்போது தூங்க வேண்டும் என்பதைக் கொண்டுபோய் இருபது செகண்டு ஃபைலில் வைத்தாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். முன்னால் எப்படியோ, அவராக நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தையும் நான் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

பத்து பத்துக்குப் போன் அடித்தது. எடுத்து என் காதில் வைத்தேன்.

“ஏம்புள்ள, இன்னிக்கு ஊட்டுல சோறு ஆக்கலியா?”

அவரே பேசினார். ஓடக்காரன் பாட்டு முடிந்ததும் வழக்கம்போல இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை மெதுவாக்கியிருக்கிறார். விசில் வர வேண்டிய இடத்தில் வேறு பாட்டு வந்திருக்கிறது. கொஞ்ச தூரம் போய் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திவிட்டார்.

“நீ மறக்கமாட்டியே. வரலீன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. போன் பண்ணலாம்னு எடுத்தேன், அதுக்குள்ள ரெண்டு கண்ணும் சொருகிருச்சு. இப்பத்தான் முழிச்சேன்.”

விசில் வராததைக் கேட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது என்று டிஸ்கில் மட்டும் இல்லை, அவருக்குள்ளும் இருந்திருக்கிறது. அத்தனை நாள் நான் அடுக்கி அடுக்கிக் கொடுத்ததை இந்த மனிதர் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார். நான் அழுதேன். மாப்பிள்ளை முன்னால் அழக் கூடாது என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அழுதுகொண்டே, போன் செய்துவிட்டுத் தூங்கினால் என்ன என்று அவரைத் திட்டவும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நடந்ததைச் சொன்னதும், விடு, சின்னப் பிள்ளைகள் என்றார்.

“அடுத்தது ரெண்டரைக்கு வரோணுமில்ல? அத நானே ஊதிக்கறேன், போ.”

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளையைத் திட்டினேன். என் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு மரியாதையோடு திட்டியதில்லை. ஒரு இடத்தில்கூட ‘ங்க’ விடவில்லை. நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா என்றேன். எந்தப் பாட்டு எதற்காக மூன்று இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தொப்பூர் ஏற்றத்தைச் சொன்னேன், தொப்பூர் இறக்கத்தைச் சொன்னேன், பதினொரு அடுப்படிகளைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டை எங்கள் ஆபீஸிலேயே யாரும் செய்யவில்லை அத்தை என்றார். அப்போது எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அவரே காரை எடுத்தார். இரண்டு டிஸ்குகளையும் சேர்த்து வைத்துச் சரிசெய்ய மூவரும் வாழப்பாடிக்குப் போனோம். அக்கா வீட்டுக் கூடத்தில் அவர் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகச் சொல்லச் சொல்ல, கேட்டுக் கேட்டுத் திரும்ப ஏற்றினார். விசில்களை ஏற்றும்போது ஒவ்வொன்றையும் போட்டு, இது யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். அக்கா ஒன்றும் புரியாமல், எதற்காக இத்தனை குக்கர் என்று தட்டில் முறுக்கோடு நின்றாள்.

இரண்டரை மணிக்கு என் போன் அடித்தது. எடுத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி மகள் சைகை காட்டினாள், போட்டேன். நான் ஹலோ சொல்வதற்குள், அந்தப் பக்கத்தில் இருந்து உதட்டைக் குவித்து அடித்த விசில் சத்தம் வந்தது. ஒன்று. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்று. மூன்றாவது சரியாக வரவில்லை, பாதிக் காற்றாகப் போனது. அதன்பின் ஒரு வார்த்தைதான் பேசினார்.

“நிறுத்தீட்டேன்.”

போனை வைத்துவிட்டார். சாப்பிடப் போயிருப்பார்.

என் போனில் வரும் பேச்செல்லாம் தானாகப் பதிவாகிவிடும். மாப்பிள்ளை அதை வாங்கி லேப்டாப்பில் ஏற்றினார். அளந்து பார்த்தார். பதினான்கு செகண்டு. இதுக்கு எத்தனை காப்பி வைக்கட்டும் அத்தை என்று கேட்டார்.

“மூணு வைங்க மாப்பிள்ளை,” என்றேன். “மூணும் ஒண்ணுதானேன்னு எதையும் எடுத்துப்போட்டறாதீங்க.”

அவர் மூன்று வைத்தார். நான் எண்ணிப் பார்த்தேன்.